நூல் போகும் வழி

கால்நடைத் தீவன ஆய்வகத்துக்கும்
புள்ளியியலுக்கும் நடுவே
ஐம்பது நிமிடம் காலியாய்க் கிடந்தது.
அந்த இடுக்கில் பொருந்திய ஒரே பாடம்
இஸ்லாம் அறிமுகம், எண் நூற்றுப் பத்து.
இதைவிட உயர்ந்த காரணம் எதுவும்
எனக்கு இருந்ததில்லை.

முதல் நாள் பேராசிரியை ஹுல்ட்
"இந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவதை
ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்" என்றார்.
முப்பத்தொரு தாள்.
ஒன்றையும் அவர் வாசிக்கவில்லை.
உறையிலிட்டு ஒட்டி
மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.
நான் எழுதியது எனக்குத் தெரியும்.
பனி கொட்டத் தொடங்கும்வரை
அந்த இழுப்பறை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எந்தக் கேள்வி விழுந்தாலும்
முப்பது தலைகளும் மெர்சிஹா பக்கம் சாயும்,
காற்று புகுந்த சோளக்கொல்லையாய்.
அவளோ பாலம் கட்டப் படிப்பவள்.
பெருநாளில் பக்லாவா தின்பேன்
அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள் என்று
சொல்லிச் சொல்லி அலுத்தவள்.
இடைத்தேர்வில் எனக்குத் தொண்ணூற்று நான்கு
அவளுக்கு எழுபத்தொன்று.
என் தாளை எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"மார்க்கம் என்னுடையது
மார்க்கு மட்டும் உனக்கா?"

கதவோரம் ரைகர்ட். எப்போதும் கதவோரம்.
காந்தஹாரில் இரண்டு முறை இருந்துவிட்டு வந்தவன்.
பாங்கு ஒலிப்பதிவு ஓடிய அன்று
பாதியில் எழுந்து போனான்.
நாங்கள் ஆளுக்கொரு கதை கட்டினோம்,
எல்லாக் கதையிலும் குண்டு வெடித்தது.
அடுத்த வகுப்பில் அவனாகவே பேசினான்:
"நீங்கள் போட்டது விடியற்காலைப் பாங்கு இல்லை.
அதில் ஒரு வரி கூடுதலாக வரும்,
தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று.
கோபுரத்தில் என் காவல் முடிகிற நேரம் அது.
அந்த வரி கேட்டதும்
நான் தூங்கப் போவேன்."
சிரிக்கலாமா என்று தெரியவில்லை எங்களுக்கு.
மெர்சிஹாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு அவன்.

நவம்பரில் ஒரு நாள்
"மக்கா எந்தப் பக்கம்?" என்றார் ஹுல்ட்.
சுவரில் தொங்கிய தட்டை வரைபடத்தை நம்பி
எல்லாரும் தென்கிழக்கைக் காட்டினோம்.
அவர் உலக உருண்டையை எடுத்தார். ஒரு சிவப்பு நூலும்.
ஒரு முனையை நெப்ராஸ்காவில் நான் அழுத்திக்கொள்ள
மறுமுனையை மெர்சிஹா இழுத்துப் பிடித்தாள்.
நூல் விறைத்தது,
நாங்கள் காட்டிய பக்கமே போகாமல்
வடகிழக்கே ஏறியது.
கனடாவின் குளிர்.
கிரீன்லாந்தின் கால்விரலுக்குக் கீழே கடல்.
ஸ்காட்லாந்தைத் தொட்டு இறங்கி
ஐரோப்பாவின் நடுவே அது போன இடத்தில்
அவள் குனிந்தாள்.

"பஞ்ஞா லூக்கா" என்றாள்.
அவள் அப்பா
வீட்டுச் சாவியோடு விட்டுவந்த ஊர்.
டயர் ஆலையில் இரவு வேலை முடித்து
நிலவறையில் அவர் தொழுவாராம்,
துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தபடி.
வேறு இடம் இல்லாமல்தான்
அந்த மூலையில் நிற்கிறார் என்று நினைத்திருக்கிறாள்
இத்தனை வருடமும்.
"அப்படியானால் தினமும்
அந்த ஊர்மேல்தான்..." என்று தொடங்கி
முடிக்கவில்லை.
மணி அடித்தது. நாங்கள் இருவரும்
நூலை விடவில்லை.

கடைசி வகுப்பில் இழுப்பறை திறந்தது.
தாள்களை மேசைமேல் கவிழ்த்துப் பரப்பி
"அவரவருடையதை எடுத்துக்கொள்ளலாம்,
எடுக்காமலும் போகலாம்" என்று
ஹுல்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
எல்லாரும் போகும்வரை நான் ஷூ கயிற்றைக் கட்டினேன்.
பிறகு, மடித்த விதம் பார்த்து
என்னுடையது என்று ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.
கையெழுத்து என்னுடையதல்ல.
வாக்கியம் என்னுடையதேதான், எழுத்துப் பிழை உட்பட.

இதைத் திருப்பி வைப்பதா
சட்டைப் பையில் போடுவதா என்று
நின்றுகொண்டிருந்ததில்
புள்ளியியலுக்கு நேரமாகிவிட்டது.